கையில் கொடுத்தது

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, எத்தனையோ படிவங்களில் அந்தப் பெயரை நிரப்பியவன் நான்தான். தமிழில் அதை எழுத அன்று எனக்குத் தெரியாது. இன்று தெரியும், ஆனால் மனசு வரவில்லை. அக்கா என்றே இருக்கட்டும். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டில் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிடப் பத்து வயது மூத்த என் மாமியாரே எங்கள் வீட்டுக்கு வரும்போது அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எங்களுக்கு இரண்டாம் மாடி. அவர் கீழே, படிக்கட்டுக்குப் பின்னால் வெளியே ஒட்டிக் கட்டிய ஒற்றை அறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். தொண்ணூறுகளின் ஆரம்பம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அயர்ந்தால் போதும், கதவு தட்டும் சத்தம் கேட்கும். அவர் தட்டுவது தனியாகத் தெரியும். ஆள் வந்து திறக்கும்வரை நிறுத்த மாட்டார். லுங்கியை இறுக்கிக்கொண்டு போய்த் திறந்தால் உள்ளங்கையில் ஒரு துணி கிளிப்பை நீட்டுவார்.

"உங்க கொடியில இருந்து விழுந்துச்சு தம்பி."

ஒரு துணி கிளிப்! பிளாஸ்டிக்! பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் அட்டை அட்டையாகத் தொங்குமே, அது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. "வாசல்ல வச்சிட்டுப் போயிருக்கலாமேக்கா, தூங்கிட்டிருந்தேன்" என்றேன்.

"வச்சிட்டுப் போறதும் போட்டுட்டுப் போறதும் ஒண்ணுதான் தம்பி. கையில குடுத்தாதான் குடுத்த மாதிரி."

இதை அவர் சொல்லி நான் கேட்டது நூறு தடவை இருக்கும். தபால்காரர் தவறிப்போய் அவர் கதவடியில் போட்ட கடிதம், என் மனைவி தீபாவளிக்கு முறுக்கு போட்டுக் கொடுத்த டப்பா, யாரோ மறந்துவிட்டுப் போன குடை, எதுவானாலும் உரியவர் கையில் போய்ச் சேர வேண்டும், இவர் கண் முன்னால் சேர வேண்டும். அந்த ஆள் வெளியே போயிருந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருப்பார்.

அவருக்கு வேலை பெட்டாலிங் ஜெயாவில். ஒரு தவுக்கே, சீன முதலாளி, தன் வரிசை வீடுகள் மூன்றைக் காலேஜ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கூட்டுவது, கழுவுவது, குப்பை எடுப்பது எல்லாம் அக்காதான். ஒரு முறை படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய பையன் ஒருவன் மூக்குக்கண்ணாடியைக் குளியலறையில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அக்கா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பஸ் மாறி சுபாங் விமான நிலையத்துக்கே போய்விட்டார். அவ்வளவு கூட்டத்தில் அவனைத் தேடிப் பிடித்திருக்கிறார். கண்ணாடியை வாங்கியது அவன் இல்லை, அவன் அம்மா. இரண்டு விரலால் வாங்கி டிஷ்யூவால் துடைத்தாராம். அதை அக்கா சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டினார்.

"ஒரு தேங்க்ஸ் சொன்னாங்களா?"

"கேக்கல தம்பி. அங்க சத்தம் ஜாஸ்தி."

அந்தப் பெட்டாலிங் ஜெயா வீடுகளில் ஒன்றிலிருந்துதான் ஒரு டிசம்பர் மாதம் ஓர் எட்டுக்கால் பூச்சி வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் வருடக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில், பழைய பேப்பர்களுக்குப் பின்னால், மேலே பலகை போட்டு மூடிய ஒரு மீன் தொட்டி. உள்ளே தண்ணீர் இல்லை, மீன் இல்லை. மரத்தூள், அதில் பூஞ்சை, காய்ந்துபோன ஒரு போத்தல் மூடி, மூலையில் சுருண்டு ஒரு பூச்சி. என் உள்ளங்கை அகலம் இருக்கும். உடம்பெல்லாம் மயிர். எத்தனை மாதமாகத் தண்ணீர் இல்லாமல் கிடந்ததோ. வயிறு சுருங்கி வறுத்த கடலை மாதிரி இருந்தது. தவுக்கே 'ஸ்ப்ரே அடிச்சித் தூக்கிப் போடு' என்று சொல்லிவிட்டார். அக்கா தொட்டியின் மேல் ஒரு பாத்தேக் சாரோங்கைப் போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு, மினிபஸ்ஸில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டார். கண்டக்டர் 'உள்ள மீனா, அக்கா?' என்று கேட்டானாம். 'இல்லப்பா, எட்டுக்கால்' என்றிருக்கிறார். பக்கத்து சீட்டு காலியாகிவிட்டது, வசதியாக வந்தேன் என்றார்.

பூச்சி, பூனை, நாய் என்று எதிலும் அவருக்குத் தனிப்பிரியம் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டியின் அருகே உட்கார்ந்திருக்கும்போது அவர் உடம்பும் கூசத்தான் செய்யும். "எனக்கும் அருவருப்பாத்தான் இருக்கு தம்பி. அதுக்காக? அந்தப் பிள்ளை போட்டுட்டுப் போயிட்டான். யாராச்சும் ஒருத்தர் கையில குடுக்கணும்ல?"

பிளாட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கேமரன் மலையில் இப்படிப்பட்டதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவார்கள், இது நம் காட்டுப் பூச்சிதான், அம்பாங் பக்கம் மலையடிவாரத்தில் விட்டுவிட்டால் பிழைத்துப்போகும் என்று நான் சொன்னேன். வக்கீல் ஆபீஸ் கிராணி இல்லையா, எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "எந்த ஊருன்னே தெரியாம எங்க கொண்டு போய் விடுறது?"

என் மாமியார் வீடு கிள்ளானில். அந்தத் தெருக்கோடியில் ஒரு வயசான சீனர் அலங்கார மீன் கடை வைத்திருந்தார். பாம்பு, பல்லி எல்லாம் அவருக்குத் தெரியும் என்று மைத்துனன் சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் தொட்டியையும் என் பழைய டாட்சனில் ஏற்றினேன். "அது முன் சீட்டுல, நான் பின் சீட்டுலயா?" என்று என் மனைவி முறைத்தாள். அக்கா பின்னால்தான் உட்கார்ந்தார், தொட்டியோடு. வழியெல்லாம் முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்தார். தொட்டியைச் சுத்தம் செய்த நாளிலிருந்து கையெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

மீன் கடைக்காரர் பூச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கையைத்தான் பார்த்தார். பிறகு டார்ச் அடித்து அதன் பின்புறத்தைப் பார்த்தார். வயிற்றின் மேல் ஓர் இடத்தில் மயிர் உதிர்ந்து வழுக்கையாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு "சினி புன்யா புக்கான்" என்றார். இங்கத்தது இல்லை.

பிறகு பாசார் மலாயில், சந்தைப் பேச்சு மலாயில், நிதானமாக விளக்கினார். இந்த நாட்டுத் தாரந்துலா கருநீலமாக இருக்கும், குழி தோண்டி வாழும், கோபம் வந்தால் முன்காலைத் தூக்கிக்கொண்டு கடிக்க வரும். மயிரை உதிர்த்து வீசத் தெரியாது. பின்காலால் வயிற்று மயிரைத் தேய்த்து வீசி அரிப்பு உண்டாக்குவதெல்லாம் தென் அமெரிக்கா ஜாதிதான். இளஞ்சிவப்பு முடியைப் பார்த்தால் சிலி நாட்டுது, பெட்டை, நன்றாக வைத்துக்கொண்டால் இருபது வருஷம்கூட உயிரோடு இருக்கும். காட்டில் விட்டால் நம் மழைக்கும் எறும்புக்கும் தாங்காது.

"ஊருக்கு அனுப்ப முடியாதா?" என்று அக்கா கேட்டார்.

அவர் சிரித்துவிட்டார். பேப்பர் இல்லாமல் யாரோ கொண்டுவந்தது, இதை எந்த ஊருக்கு அனுப்புவது என்றார்.

அக்காவும் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "நம்ம கேஸுதான் தம்பி" என்றார்.

அக்காவிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. இந்த மண்ணில் பிறந்தவர்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை, நீல ஐசி இல்லை. வருடக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். மலாயில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் படிவம் நிரப்புவதும் நான். அந்த வருடம் விஷயம் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அடுத்து நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. "நீங்க இல்லன்னா நான் குருடிதான் தம்பி" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மீன் கடைக்காரர் தானே பூச்சியை வைத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் கடையை இடம் மாற்றிக்கொண்டிருந்தார், தொட்டியெல்லாம் கட்டி வைத்தாயிற்று. சீனப் பெருநாள் கழியட்டும், தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை புதுக்கடைக்குக் கொண்டு வா என்றார். அக்கா அவர் கையைப் பிடித்து, "நானே கொண்டாந்து உங்க கையில குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது காருக்குள் ஒன்று சொன்னார். கேட்காமலே சொன்னார். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். வேலை பெர்மிட் பிரச்சினை வந்து நிறையப் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய சமயம், அவர்களும் கிளம்பினார்கள். இவருக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. அம்மையோடு கப்பலில் ஏற்ற மாட்டார்கள். லோரியில் சாமான் எல்லாம் ஏற்றிவிட்டு, தம்பிகள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு, மேலே நின்றுகொண்டு பக்கத்து லயத்து வீட்டு அம்மாளிடம் 'பாத்துக்கங்க, அடுத்த கப்பல்ல அனுப்பி விடுங்க' என்று கை காட்டிச் சொன்னாராம் அப்பா.

"லோரியில நின்னுக்கிட்டேதான் சொன்னாரு. எறங்கி வந்து அந்தம்மா கையில என்னப் புடிச்சிக் குடுத்திருந்தா, அவங்க அனுப்பி விட்டிருப்பாங்க தம்பி. நல்ல பொம்பளதான். சரியாக் காதுல விழல போல."

பக்கத்துச் சீட்டில் என் மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா தொட்டியின் மேல் இருந்த துணியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

அந்த ஒன்றரை மாதத்தில் பூச்சி தேறிவிட்டது. ரயில் தண்டவாளத்து ஓரப் புல்லில் வெட்டுக்கிளி பிடித்து வந்து போடுவார். தினம் மூடியில் தண்ணீர். வயிறு திராட்சைப் பழம் அளவுக்கு உப்பியது. அலுவலகத்திலிருந்து வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார், நான் எட்டி நின்று பார்த்துவிட்டு வருவேன். பிறகு திடீரென்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அந்த வழுக்கை இடம் கறுத்துப்போயிற்று. அக்கா பதறிப்போய் மறுபடி கிள்ளானுக்குப் பஸ் ஏறி மீன் கடைக்காரரைக் கேட்டுவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அன்று தெரியாது. பேச்சு என்னவோ மழைதான். என் அப்பா ரயில்வேயில் கூலி வேலை பார்த்தவர், தன்னைப்போல் ஆகக்கூடாது என்று என்னை ஆங்கிலப் பள்ளியில் போட்டார். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமலேயே கிராணி ஆனேன், கல்யாணப் பத்திரிகைகளில் ஒரு பக்கம் ஆங்கிலம் இருக்கும், கோயில் நோட்டீஸை யாராவது சத்தமாகப் படிப்பார்கள், சமாளித்துவிடலாம். பிளாட்டு முழுவதுக்கும் கடிதம் படித்துச் சொல்கிற ஆளுக்குத் தமிழ் தெரியாது என்று யார் நினைப்பார்கள்? கட்டிய மனைவிக்கே இரண்டு வருடம் தெரியாது.

தைப்பூசம் சனிக்கிழமை வந்தது. அக்காவுக்கு அந்த வருடம் பால்குடம். ஐசி நீலமாக வேண்டும் என்று வேண்டுதல். வெள்ளியே பத்துமலைக்குப் போய், தண்ணீர்ப் பந்தலில் சேவை செய்துவிட்டு, ஞாயிறு காலைதான் வருவார். கூடவே மௌன விரதம். ஞாயிறு காலைவரை ஐந்து நாள் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. விடாமல். திறந்தால் மஞ்சள் புடவையில் அக்கா, கையில் தொட்டி. அவருடைய அறை தகரக் கூரை, பகலில் அனலாக இருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று முன்பே பேசி வைத்ததுதான். என் மனைவி 'அது இருக்கிற வரைக்கும் நான் இல்ல' என்று முதல்நாளே கிள்ளானுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தொட்டியை என் கையில் கொடுத்தார். கொடுத்தார் என்றால், என் இரண்டு கைகளும் அதை நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் கையை எடுத்தார்.

கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூட நோட்டுத் தாள். குண்டு குண்டாகத் தமிழ் எழுத்து, ஒன்பது பத்து வரி. நடுவில் ஒரு வரிக்கு அடியில் இரண்டு கோடு.

அக்கா தாளைக் காட்டி, என்னைக் காட்டி, படிக்கச் சொல்லிச் சைகை செய்தார்.

நான் படித்தேன். அதாவது, கண்ணை ஒவ்வொரு வரியாக, இடமிருந்து வலமாக, நிதானமாக ஓட்டினேன். கடைசி வரி வந்ததும் தலையாட்டினேன். "சரிக்கா. படிச்சிட்டேன்."

அவர் கோடு போட்ட வரியின் மேல் விரலை வைத்து என் முகத்தைப் பார்த்தார்.

"புரியுதுக்கா. நான் பாத்துக்கிறேன். நீங்க தைரியமாப் போய்ட்டு வாங்க."

இரண்டு கையையும் கூப்பினார். படி இறங்கிப் போனார்.

யாரையாவது கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டுப் பாட்டிக்கு, மேல்மாடி டிரைவருக்கு, பிளாட்டில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியும். எனக்கு வெட்கம். என்ன பெரிதாக எழுதியிருக்கப் போகிறார், தண்ணீர் வை, தொட்டியைத் திறந்து போடாதே, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் வைத்தேன்.

சனிக்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் பூச்சி மல்லாக்கக் கிடந்தது. எட்டுக் காலும் மேலே. அசைவில்லை.

ஐயோ, செத்துப்போச்சு என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்வதானால், ஒரு நிம்மதியும் வந்தது. இனி யாரும் கிள்ளானுக்கு அலைய வேண்டாம், மனைவி வீட்டுக்கு வருவாள். ஆனால் தைப்பூசத்தன்று, விளக்கு எரிகிற வீட்டில், செத்த ஜீவன் கிடக்கலாமா? குப்பையில் போட மனம் வரவில்லை. அக்கா மனசு நோகும், முறையாகப் புதைப்போம் என்று நினைத்தேன். அது எனக்கு நல்ல குணமாகவே பட்டது. ஆங்கிலப் பேப்பர் ஒன்றை மடித்து அள்ளினேன். அள்ளும்போது ஒரு கால், பின்னால் உள்ள ஒன்று, லேசாக மடங்கியது. மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பிளாட்டுக்குப் பின்னால் லொங்காங் சாக்கடை ஓரம் ஒரு பப்பாளி மரம். அதன் அடியில் ஒரு சாண் தோண்டி, வைத்து, மண்ணைத் தள்ளி, நாய் பறிக்கக் கூடாதே என்று சிலிப்பர் காலால் அழுத்தி மிதித்தேன்.

ஞாயிறு காலை அக்கா வந்தார். விரதம் முடிந்திருந்தது. ஐந்து நாள் பேசாத தொண்டை கட்டிப்போயிருந்தது. கையில் பிரசாதப் பொட்டலம், மீன் கடைக்காரருக்குக் கொடுக்க ஒரு பை ஆரஞ்சுப் பழம். முகத்தில் அப்படி ஒரு களை.

"பத்து மணி பஸ்ஸுக்குப் போயிரலாம்னு பாத்தேன் தம்பி. எங்க அது? சட்டை கழட்டிருச்சா?"

எனக்கு விளங்கவில்லை. "செத்துப் போச்சுக்கா" என்றேன். "நேத்துக் காலையில பாத்தா மல்லாக்கக் கெடந்துச்சு. நானே பொதைச்சிட்டேன்."

"மல்லாக்கவா?"

"ஆமாக்கா."

காலி தொட்டியைப் பார்த்தார். தாள் அப்படியே ஒட்டியிருந்தது.

"எழுதியிருந்தேனே தம்பி. மல்லாந்து படுத்துத்தான் பழைய தோலைக் கழட்டும், செத்ததுன்னு நெனைச்சித் தொட்டுராதீங்கன்னு. கோடு போட்டிருந்தேனே." தாளின் மேல் விரலை வைத்தார். "படிச்சீங்கதானே?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுக்கா. இவ்வளவுதான். சொல்லியிருந்தால் அந்த மனுஷி தலையில் அடித்துக்கொண்டு, 'அட, இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா' என்று என்னைத் திட்டி, அழுது, மன்னித்திருப்பார். எனக்கு நன்றாகத் தெரியும், மன்னித்திருப்பார்.

"படிச்சேன்கா" என்றேன்.

"படிச்சிட்டுமா?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பயந்து பார்த்தார்.

பப்பாளி மரத்தடியில் அவரே கையால் தோண்டினார். மஞ்சள் புடவை முந்தானையில் துடைத்துத் துடைத்து மண்ணை எடுத்தார். அது இருந்தது. பழைய தோல் முதுகில் மூடி மாதிரித் திறந்திருந்தது. உள்ளே இருந்து வெளிர் நிறத்தில், ஈரமாக, புதுக் கால்கள் பாதி வெளியே வந்து நின்றிருந்தன. மூன்று கால்கள் நசுங்கியிருந்தன.

ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து அதில் எடுத்து வைத்தார். "கார்ல கொண்டு போய் விடுறேன்கா" என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆரஞ்சுப் பையையும் டின்னையும் எடுத்துக்கொண்டு கிள்ளான் பஸ்ஸுக்கு நடந்தார். கையில் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார் அல்லவா?

சில மாதம் கழித்து மீன் கடைக்காரரைப் பார்த்தேன். அன்று அந்த அம்மா வந்து டின்னைத் தன் கையில் கொடுத்தார், திறந்துகூடக் காட்டவில்லை, 'குடுத்துட்டேன்' என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் கடையில் நின்றுகொண்டிருந்தார் என்றார். யார் அதைத் தொட்டது என்று கேட்டார். தெரியாது என்றேன். "இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா முழுசா வெளிய வந்திருக்கும்" என்றார்.

அதன் பிறகு அக்கா என்னோடு சண்டை போடவில்லை. அவருக்குச் சண்டை போடத் தெரியாது. மறுநாள் மாலை வந்து கதவைத் தட்டினார், மெதுவாக, இரண்டே தட்டு. எப்போதும் ஒரு சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும், அவர் அறைச் சாவி. "அந்தச் சாவிய எடுத்துக்கிறேன் சார்" என்றார்.

சார்! தம்பி என்று கூப்பிட்ட வாயால் சார். அதற்குப் பிறகு கடைசிவரை சார்தான். கொடியிலிருந்து கிளிப் விழுந்தால் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படி வைத்திருந்த முதல் கிளிப்பைப் பார்த்த அன்று நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவியிடம் அன்று இரவே எல்லாவற்றையும் சொன்னேன். "போய்ச் சொல்லுங்க, இப்பவே போய்ச் சொல்லுங்க" என்று தினம் என்னைப் பிடுங்கினாள். நாளைக்கு என்றேன். அந்த நாளை வரவேயில்லை. தெரிந்தே ஓர் உயிரைக் கொன்றவன் என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கியது, எழுத்துத் தெரியாதவன் என்று நினைப்பது தாங்கவில்லை. என்ன ஜென்மம் நான்!

ஐசி கடிதம் வந்தது. நேர்முகத்துக்குத் தேதி குறித்து, மலாயில், நான்கு வரி. அவர் அதை என்னிடம் கொண்டு வரவில்லை. யாரிடமோ காட்டிப் படித்துக் கேட்பதற்குள் தேதி போய்விட்டது என்று அவருக்கு அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடிப்போய், "குடுங்கக்கா, நான் அப்பீல் எழுதித் தரேன்" என்றேன். கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு, "பரவால்ல சார்" என்றார். கடிதத்தை வைத்திருந்த கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். என் கையில் கொடுக்கப் பயந்தார்.

அடுத்த வருடம் ஒருநாள் அறை பூட்டிக் கிடந்தது. காலி செய்துவிட்டுப் போய்விட்டார். கிள்ளான் பக்கம் என்றார்கள், காப்பார் என்றார்கள். இரண்டு மூன்று தடவை போய்த் தேடினேன். நிஜமாகத் தேடினேனா, தேடினேன் என்று சொல்லிக்கொள்ளப் போனேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்தத் தோட்டமே இல்லை, வீடமைப்பு வந்துவிட்டது. நீல ஐசி கிடைத்ததா, கிடைக்காமலே போய்ச் சேர்ந்தாரா, தெரியாது.

கண்ணாடியிலிருந்து அந்தத் தாளை வெந்நீர் விட்டு உரித்து வைத்திருந்தேன். மனைவி படித்துச் சொல்கிறேன் என்று கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. முப்பத்தொன்பதாவது வயதில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு புத்தகக் கடையில், முதலாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் வாங்கினேன். "பிள்ளைக்கா அங்கிள்?" என்று கடைப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். அதிலும் பொய். அலுவலகத்தில் மேசை இழுப்பறையில் ஃபைலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அ, ஆ என்று ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆயிற்று. எழுத்துக் கூட்டி நான் முதல்முதலாகப் படித்தது அந்தத் தாளைத்தான்.

தண்ணீர் மூடியில் மட்டும் வைக்கவும் என்று இருந்தது. சாப்பாடு போட வேண்டாம் என்று இருந்தது. மல்லாந்து காலைத் தூக்கிப் படுத்தால் செத்ததாக நினைக்க வேண்டாம், சட்டை கழட்டுகிறது, ஒரு நாள் ஆகும். அதற்குக் கீழே இரண்டு கோட்டோடு, தொடவே தொடாதீங்க. பயமாக இருந்தால் துணி போட்டு மூடி வைக்கலாம். இதெல்லாம் அவர் சொல்லி எனக்குத் தெரிந்ததுதான். கடைசி வரி தெரியாது. அன்று அவர் முன்னால் நின்று கண்ணை ஓட்டித் தலையாட்டினேனே, அந்த வரி. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன்.

"தம்பி கையில குடுத்துட்டேன். இனிமே எனக்குக் கவலை இல்ல."